தாய்க்கோழியின் பாட்டு

மகள் ஏழாம் வகுப்பு படித்தபோது அவள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு நாடகம் தயாரித்தார்கள். குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஊர் பார்க்கப் புறப்படும் கோழியின் கதை. தாய்க்கோழி என் மகள். ஒத்திகை முடித்துத் திருநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவள் தனியாகப் பஸ் ஏறவேண்டுமே என்று நானே போய்க் கூட்டிவந்தேன். சீக்கிரமே போய் மாடி ஹாலின் ஜன்னலோரம் நிற்பேன். ஆரம்பத்தில் ஆர்மோனியம் ஒரு பக்கம் போகும், பிள்ளைகள் ஒரு பக்கம் போவார்கள். குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்து விழும்.

சின்னவனுக்குக் காய்ச்சல் வந்ததால் சில நாள் போகவில்லை. மறுபடி போனபோது ஹாலே சிரித்துக்கொண்டிருந்தது. மகள் துப்பட்டாவை இடுப்பில் செருகி, புறங்கையை ஒரு குஞ்சின் நெற்றியில் வைத்து, பிறகு கழுத்தில் வைத்துப் பாடினாள்.

"எதுக்கும் கொடைய எடுத்துக்க, எதுக்கும் ஸ்வெட்டரப் போட்டுக்க..."

"எதுக்கும்! எதுக்கும்!" என்று குஞ்சுகள் கத்தின.

நானும் சிரித்தேன். கோழி நாலடி நடந்து, திரும்பி வந்து, இல்லாத பூட்டை இழுத்துப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. அது என் கை.

பக்கத்தில் நின்ற இன்னொரு தாய் சிரிப்பில் வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "எந்த வீட்டு மகராசியோ! இம்புட்டுப் பயந்தா பிள்ளைக எப்படி மூச்சு விடும்?"

"ஆமா" என்றேன்.

அப்போது மகள் என்னைப் பார்த்துவிட்டாள். பாட்டு நின்றது.

"என்ன தாயி, கொக்கரிக்க மறந்துட்டியா?" என்றார் பாட்டு டீச்சர்.

டீச்சர் முதலில் எழுதிக்கொடுத்திருந்த வரிகளை அவள் பாடம் ஒப்பிப்பதுபோலப் பாடினாள். எங்கே கத்துவது என்று தெரியாமல் குஞ்சுகள் விழித்தன. "நேத்து நல்லாத்தான பாடுன?" என்ற டீச்சர், அவள் பார்வை போன திசையில் திரும்பி என்னைப் பார்த்தார். உடனே ஆர்மோனியத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

"கீழ இருக்கேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு இறங்கினேன். பாதிப் படியில் பாட்டு மறுபடி எழுந்தது. நான் இல்லாத இடத்தில் அவள் குரல் எவ்வளவு தாராளமாக வந்தது! அந்த வரிகளை எடுத்துவிடச் சொல்லலாமா என்றும் நினைத்தேன். சொன்னால் அது இன்னும் கேவலம்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அந்தப் பாட்டையே பாடு. நல்லாருக்கு" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். விழாவுக்கு நான் வரலாமா?"

பெற்ற பிள்ளையிடம் அனுமதி கேட்கிறோமே என்று முகம் சுட்டது.

அவள் யோசித்தாள். "வாம்மா. ஆனா முன்னால உக்காராத. தூணுக்குப் பின்னால உக்காரு. ஒன்னயப் பாத்தா எனக்குப் பாட்டு வராது."

சரி என்று தலையாட்டினேன். அவள் முழங்கை ஜன்னல் கம்பிக்கு வெளியே இருந்தது. பேசக்கூடாது என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். எதிரே லாரி வந்தது.

"எதுக்கும் கைய உள்ள எடு" என்று சொல்லிவிட்டேன். கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சிரிக்கவில்லை.