முதல் ஓட்டம் தாமுவுடையது

செய்தி வந்தபோது அயனம்பாக்கத்தில் தாமுவின் கார் ஷெட் வாசலில் இருந்தவர்கள் அவன் மனைவி விஜயா, அவள் தம்பி லோகநாதன், பூக்காரி சரோஜா, அப்புறம் நான். சரோஜா முழம் போட்டுக்கொண்டிருந்தாள். லோகுவின் போன் அடித்தது. திருமழிசை எஸ்டேட்டில் தாமு வேலை பார்த்த பெயின்ட் கம்பெனியிலிருந்து பேசினார்கள். கேட்டுக்கொண்டே அவன் சுவரில் சாய்ந்தான். "மாமா வேல செய்யற எடத்துலயே வியுந்துட்டாராம்க்கா" என்றான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை என்பதைச் சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. சரோஜா அளந்த பூவைக் கூடையிலேயே திரும்பப் போட்டாள். நான் எழுந்துபோய் விஜயாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பதினாறாம் நாளுக்கு வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கெல்லாம் அவன் 'பிரேக் தாமு'. பிறகு சிலர் அவனுக்கு 'பிரேக் இல்லாத தாமு' என்றும் பெயர் வைத்தீர்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது. நான் எதையும் மறப்பதில்லை. அது நல்ல குணம் என்று இதுவரை யாரும் சொன்னதுமில்லை.

என் வீட்டுப் பக்கத்தில் இருந்த காலியிடத்தில் தகரம் போட்டு அவனுக்கு வாடகைக்கு விட்டேன். வந்ததெல்லாம் வேகமாக ஓடுகிற கார்கள். ஃபிளாட்டில் இருக்கிற ஐடி பிள்ளைகள் கார் வாங்கி, அது இன்னும் வேகமாக ஓட இன்ஜினில் ஏதேதோ செய்துகொண்டு, கடைசியில் தாமுவிடம் வருவார்கள். "ஓடறதுக்கு எல்லாம் பண்ட்டு வரானுங்க. நிக்கறதுக்குத்தான் யோசிக்கிறானுங்க" என்பான். சக்கரத்துக்குள் சுழலுகிற தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துகிற இரும்புக் கைக்குக் காலிப்பர் என்று பேர். கம்பெனி வைத்ததைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதாக, பலமாகக் கவ்வுகிற காலிப்பரை மாட்டுவான். பழையதைப் புதிதாக்கியும் கொடுப்பான்.

புதிதாக்குவது என்றால் மேலே வர்ணம் அடிப்பது இல்லை. ஒரு பையன் சக்கரத்தைக்கூடக் கழற்றாமல் டப்பா பெயின்ட் அடித்துத் தரச் சொன்னான். தாமு அவனை ஏற இறங்கப் பார்த்தான். "ஏம்ப்பா, மூஞ்சி கழுவாம பவுடர் பூசிகினு பொண்ணு பாக்கப் போவியா?" என்றான். காலிப்பரைக் கழற்றி, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்து, மணல் பீய்ச்சிப் பழைய வர்ணத்தையும் துருவையும் உதிர்த்து, திருமழிசைக்குக் கொண்டுபோய்ப் பவுடர் பூசி அடுப்பில் சுட்டு எடுத்து வருவான். அதன்மேல் கம்பெனிப் பெயரை எழுத்தாக ஒட்டி, கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு கொடுத்து, மறுபடி அடுப்பு. பிறகு புது ரப்பர் போட்டு மாட்டுவான். சிவப்பு, மஞ்சள் என்று வரிசையாக வைத்தால் கொலு மாதிரி இருக்கும்.

மாட்டிய பிறகு பிரேக் ஆயிலில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் சக்கரத்துப் பக்கம், ஒருவர் பெடலில். ஒருநாள் ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிட்டான். "யம்மா, நீ அம்பத்தூர்ல தையல் மிஷின் மெரிச்ச காலாச்சே. வந்து குந்து." செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். "அமுக்கு... புடி... உடு" என்று கீழேயிருந்து குரல் வரும். அப்படியே அது என் வேலையாகிவிட்டது. எத்தனையோ பெரிய பெரிய கார்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் என்னை வைத்துக்கொண்டு ஓர் அடி நகர்ந்ததில்லை.

"இன்னா ஆயா, கார்ல எங்க போய்ட்டு வந்த?" என்று சரோஜா கேட்பாள்.

"எங்கியும் போவல. நின்னுட்டு வந்தேன்" என்பேன். தாமு சக்கரத்துக்குப் பின்னாலிருந்து சிரிப்பான்.

காற்று மேலேதான் நிற்கும், அதைத் திறந்துவிடுகிற திருகாணியும் அதனால் மேலேதான் இருக்க வேண்டும் என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "பெடல் கல்லு மாரி நிக்கணும்மா. மாவுல கால் வெச்சாப்ல இருந்தா உடனே சொல்லு" என்பான்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தான். பிரேக்கில் கை வைத்த காரை முதலில் அவன்தான் ஓட்டுவான். தனியாக. ஓனர் பக்கத்தில் உட்காரக் கூடாது. சாவி அவன் சட்டைப் பையில் இருக்கும். விஜயா இதற்காகச் சண்டை போடுவாள். "பொண்டாட்டி ஒருத்தி கீறாளேன்னு நெனப்பு கீதாய்யா உனக்கு?" அவன் ஒரே பதிலைத்தான் சொல்வான். "நிக்கலன்னா மொதல்ல எனக்குத் தெரியணும். அப்பறந்தான் ஊருக்கு."

இனி அந்த நாளுக்கு வருகிறேன். தாமு வேறு ஒரு காருக்கான சாமானைச் சுட்டெடுக்கத் திருமழிசை போயிருந்தான். ஷெட்டில் லோகு, காருக்குச் சொந்தக்காரன் பிரவீன், நான். லோகுவுக்கு ஆவடியில் பெண் பேசி முடித்த நேரம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே வேலை செய்வான். முன் சக்கரத்துக் காலிப்பர்களுக்கு எழுத்து ஒட்டியதும் அப்படித்தான். மாட்டிப் பார்த்தால் எழுத்து தலைகீழாக இருந்தது. சுட்டு முடித்த எழுத்தை அழித்தால் மறுபடி திருமழிசை போக வேண்டும். பிரவீனோ மறுநாள் காலையில் நண்பர்கள் எல்லாரும் காரோடு கூடுகிறார்கள், போயாக வேண்டும் என்று நின்றான். லோகு யோசித்தான். இடது பக்கத்துக் காலிப்பரை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றி மாட்டினான். எழுத்து நேரானது. திருகாணி கீழே போனது.

நான் பெடலை அமுக்கினேன். கால் இறங்கிக்கொண்டே போனது.

"லோகு, மாவு மாரி கீதுடா."

"நாலு தபா மெரி ஆயா, ஏறிக்கும்."

மிதித்தால் ஏறியது. கொஞ்சம் விட்டு மிதித்தால் இறங்கியது. காரிலிருந்து இறங்கிப் போய்ப் பார்த்தேன். "திருகாணி ஏண்டா கீய கீது? உங்க மாமா வரட்டும்" என்றேன்.

"அதெல்லாம் புது மாடல். உனுக்கு இன்னா தெரியும், கம்னு குந்து ஆயா."

பிரவீன் கேட்டான். "தாமு அண்ணா ஓட்டிப் பார்த்துட்டுத்தானே தருவார்?"

"நான் பாத்துட்டேன் ப்ரோ. நீ எடுத்துக்க" என்று லோகு சாவியைக் கொடுத்துவிட்டான்.

கார் ஏரிக்கரைத் திருப்பத்தில் நிற்காமல் போய்த் தடுப்பில் மோதியது. பிரவீனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. பிழைத்தான். காரை ஷெட்டுக்கு இழுத்து வந்தபோது தாமுவும் வந்து சேர்ந்தான். குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தான். ஒரே பார்வை. அவனுக்குப் புரிந்துவிட்டது.

பிரவீனின் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். "யாருய்யா இதை மாட்டினது?" என்று கேட்டார்கள். தாமு லோகுவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். வாயைத் திறக்க அவனுக்கு இடம் கொடுத்தான். லோகு குனிந்து ஒரு ஸ்பேனரை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

"நான்தான்" என்றான் தாமு.

"அவன் ஷெட்லயே இல்லப்பா" என்று நான் கத்தினேன். "பெரியம்மா, நீங்க சும்மா இருங்க" என்று ஒருத்தர் என்னை ஓரமாகத் தள்ளினார். பிரவீன் ஆஸ்பத்திரியில் இருந்தான். கேட்க ஆளில்லை.

எல்லாரும் போன பிறகு, நான் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறேன் என்றேன். தாமு தடுத்தான். "நீ சொன்னா அது சண்டையாப் பூடும்மா. அவன் சின்னப் பையன் இல்ல. அவனா வந்து சொல்லட்டும். சொல்லுவான்." பிரவீனுக்கும் ஆள்விட்டு, இதை வெளியில் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

கார் வைத்திருக்கிறவர்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறீர்களே, அதில் புதுப் பெயர் சுற்றியது. கார்கள் வருவது நின்றது. ஷெட்டில் வேலை இல்லை. எந்தக் கம்பெனிக்குக் காலிப்பர் கொண்டுபோய்ச் சுட்டு வந்தானோ அதே கம்பெனியில் கேட் கம்பிக்கும் பீரோ கதவுக்கும் பவுடர் பூசுகிற ஆளாகச் சேர்ந்தான். காலையில் பூந்தமல்லி போய் பஸ் மாறுவான். வரும்போது காதோரம் வெள்ளையோ பச்சையோ ஒட்டியிருக்கும். "இன்னிக்கி யாரு வூட்டு பீரோடா?" என்பேன். "தெர்லம்மா. நிக்கற சாமான்தான், பயமில்ல" என்பான்.

லோகுவின் கல்யாணம் நடந்தது. தாமுதான் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றான். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லோகு அக்கா வீட்டுக்குக் கறிச்சோறு சாப்பிட வருவான். தாமு நாற்காலி எடுத்துப் போட்டு, எதிரே உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்ப்பான். லோகு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போய்விடுவான். "இன்னிக்கும் சொல்லல போல" என்று என்னிடம் சொல்லிவிட்டு அந்த நாற்காலியை மடக்கி வைப்பான். அவன் எதற்கும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த நாற்காலியை மடக்கும்போது மட்டும் கிழவன் மாதிரி தெரிவான்.

ஐஸ் பெட்டியில் அவனை வைத்திருந்தபோது பிரவீனும் வந்தான். லோகு கண்ணாடிமேல் விழுந்து அழுதான். "மாமா, நாந்தான் மாமா மாத்தி மாட்னேன். மன்ச்சிடு மாமா" என்றான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான். தோளுக்குமேல் தூக்க முடியாத கையால் பிரவீன் அவன் முதுகைத் தடவினான். விஜயா தன் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். "பாவம், மனசுல வெச்சிகினே இருந்துட்டான். இப்பவாச்சும் சொன்னானே" என்று கூடியிருந்தவர்கள் சொன்னீர்கள். அவனுக்கு சோடா வாங்கிக் கொடுத்தீர்கள்.

உயிரோடு எதிரே உட்கார்ந்து காத்திருந்தவனிடம் சொல்லாததை ஐஸ் பெட்டியிடம் சொன்னான். பெட்டி கேட்டிருக்கும்.

எனக்கு அழவும் தெம்பில்லை. தாமுவிடமிருந்து என்னிடம் இருப்பது என் வலது கால்தான். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தாலும் நிற்க வேண்டிய இடம் வந்தால் அது தானாக அமுங்குகிறது. கல் எது, மாவு எது என்று அதற்குத் தெரியும். ஷெட்டை மறுபடி திறக்கிறேன், சாவி கொடு ஆயா என்று நேற்று லோகு வந்து கேட்டான். சாவி என் இடுப்பில் இருக்கிறது, அங்கேயே இருக்கும்.

விஜயா மன்னித்துவிட்டாள். பிரவீன் மன்னித்துவிட்டான். தாமு இருந்திருந்தால் முதல் ஆளாக மன்னித்திருப்பான். பதினாறாம் நாள் பந்தியில் எல்லாரோடும் சேர்த்து மன்னிப்பு வாங்கினவனுக்கும் இலை போடுவார்கள். போடட்டும். அவன் பக்கத்து இலையில் நான் உட்கார மாட்டேன். அவன் பெயர் லோகநாதன்.