மாமா துளையிட்ட வார்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலி இருக்கிறது. பழப்பெட்டிப் பலகைகளை அறுத்து, இரண்டு பக்கமும் தேங்காய் நார் திணித்த சாக்கை வைத்துத் தைத்து, மாமாவே செய்தது. பிள்ளை வளர வளர நாற்காலியைப் பலமுறை பிரித்துப் பெரிதாக்கினார். ஆனால் அதில் உட்காருகிறவன் முன்னால் சரிந்துவிடாமல் இருக்க நெஞ்சுக்குக் குறுக்கே போட்ட வார் மட்டும் மாறவே இல்லை. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, ஒரு முனையில் இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கோத்தது அது. திருப்புளியின் முனையை ஸ்டவ்வில் காய்ச்சி மாமா அதில் துளை போடுவார். ரப்பர் கருகும் நாற்றம் வீடு முழுக்க நிற்கும். பிள்ளையின் நெஞ்சு அகலமாக ஆக, வாரில் ஒரு துளை தள்ளிப் புதிதாக வரும். மற்றப் பிள்ளைகளின் வளர்ச்சியை வீட்டுச் சுவரில் கோடு போட்டுப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வாரில் பார்த்தோம்.

மாமா என்று நான் சொல்வது என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பியை. என் அக்காவைக் கட்டியவரும் அவர்தான். முறைக்கு அத்தான் என்று அழைத்திருக்கலாம், ஆனால் பிறந்ததிலிருந்து மாமா என்று அழைத்த வாய் மாறவில்லை. ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் எங்கள் ஊரில் இதெல்லாம் யாரும் இரண்டாம் முறை கேட்காத சங்கதி. திருவனந்தபுரத்தில் அப்படியில்லை. பழவங்காடியில் பிள்ளையார் கோவிலுக்கு எதிரே மாமாவுக்குத் தேங்காய்க் கடை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் கொஞ்ச காலம் ஊரில் சும்மா திரிந்துவிட்டு அவருடைய கடைக்குத்தான் வந்து சேர்ந்தேன். எனக்கு ஆட்களோடு பேச வராது. வருகிறவர்களோடு மாமா பேசுவார், நான் தேங்காயைத் தட்டிப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன்.

அக்காவுக்குப் பிள்ளை பிறந்து பல மாதம் ஆகியும் கழுத்து நிற்கவில்லை. கால்கள் இரண்டும் கத்திரிக்கோல் போலப் பின்னிக்கொண்டன. மூளைக்கு ஏற்பட்ட சேதம், சாகும்வரை கூடவே இருக்கும், ஆனால் இதைவிட மோசமாகாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றிலிருந்து ஊர் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டது. பக்கத்தில் பூ விற்கும் சேச்சி அக்காவைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தாள். "அம்மாவனெயாணோ கெட்டியது? தாய்மாமனையா? பின்னெ கொச்சு இங்ஙனெ ஆகாதிருக்குமோ?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மாமாதான் பதில் சொன்னார், கூச்சமே இல்லாமல், சிரித்த முகமாக. "சரியாக்கும் சேச்சி. எங்க ரத்தத்துலதான் கோளாறு. பிள்ளை என்ன செய்வான் பாவம்."

கேட்டவர்களிடமெல்லாம் அவர் இதையே சொன்னார். ஊருக்குப் போனால் அங்கேயும். ஒருமுறை கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு பெரியவர், "பிள்ளத்தாச்சியா இருக்கும்போது என்னமும் கவனக்குறைவா இருந்திட்டாளோ?" என்று அக்காவைச் சாடையாகக் கேட்டபோது மாமா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அவளச் சொல்லாதேயும். ரத்தம்னு டாக்டரே சொல்லியாச்சு. சாப்பிடும்" என்றார். பக்கத்தில் சோறு விளம்பிக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றாள். பிறகு அடுத்த இலைக்குப் போனாள்.

பிள்ளையை மாமா கடைக்குக் கொண்டுவருவார். அக்காவுக்கு முதுகு ஒடிந்துபோகும், பகலில் கொஞ்ச நேரமாவது அவள் படுக்கட்டும் என்று. கோவில் முன்னால் நாள் முழுக்கத் தேங்காய் உடையும். ஒவ்வொரு சத்தத்துக்கும் பிள்ளையின் உடம்பு தூக்கிப்போடும், கைகள் விரிந்து விறைக்கும், அழுவான். கடையை மாற்ற முடியாது. மாமா வேறொரு வழி கண்டுபிடித்தார். கோவில் வாசலில் தேங்காய் உடைக்கிறவரின் கை தலைக்கு மேலே உயரும்போதே தன் உள்ளங்கையைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்துவிடுவார். கை அங்கே இருந்தால் தூக்கிப்போடுவது பாதியாகக் குறையும். வியாபாரம் பேசிக்கொண்டே, சில்லறை கொடுத்துக்கொண்டே, ஒரு கண் எப்போதும் கோவில் வாசலில் இருக்கும். கொஞ்ச காலத்தில் பிள்ளைக்கும் அது புரிந்துவிட்டது. மாமாவின் கை நெஞ்சில் பட்டதும் சத்தம் வரப்போகிறது என்று தெரிந்து சிரிக்கத் தொடங்கினான். பெரிய சிரிப்பு, தலை பின்னால் போய் எச்சில் வழிய. "மொதலாளிக்கு இன்னைக்கு நல்ல குஷிதான்" என்பார் மாமா. வாடிக்கைக்காரர்களும் அவனை மொதலாளி என்றே அழைத்தார்கள். "மொதலாளி, காய் முத்தினதுதானா?" என்று கேட்டுவிட்டு அவன் சிரித்தால்தான் வாங்குவோம் என்று நிற்பார்கள்.

அவனுக்கு மூன்று வயது நடந்தபோது ஒரு புதிய டாக்டரம்மாவிடம் போனோம். அக்கா மருந்துச் சீட்டோடு வெளி வரிசையில் நின்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் மாமாவோடு உள்ளே போனேன். டாக்டரம்மா மலையாளத்தில்தான் பேசினார், ஆனால் எனக்குப் புரியும்படி நிதானமாக. சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். மாமா ஆமாம் என்றார். பிறகு அவர் கேட்டதை அதுவரை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. பிரசவத்துக்கு முன்னால் தாய்க்குக் காய்ச்சல் இருந்ததா? நீர் கசிந்ததா?

 மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முதல் பிரசவம் என்பதால் அக்காவைத் தாய்வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மாதம் நிறையும் முன்பே ஒருநாள் நீர் கசிந்தது, குளிரும் காய்ச்சலும் வந்தது. வலி வரவில்லை. அன்று அஷ்டமி, மறுநாள் நவமி. வலியே இல்லாதபோது அந்த நாட்களில் முதல் பிள்ளைக்காக வீட்டை விட்டு இறங்க வேண்டாம், தசமி விடியட்டும் என்று அம்மா அக்காவைப் படுக்கவைத்துச் சுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். தசமியன்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்காவுக்கு உடம்பு அனலாகக் கொதித்திருக்கிறது.

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. நீர்க்குடம் உடைந்த பிறகு நேரமானால் உள்ளே தொற்று ஏறும் என்றார். அதை எதிர்த்து உடம்பு போராடும்போது ஒரு வீக்கம் வரும், வெளியே தெரியும் வீக்கமல்ல, அதன் சூடு குழந்தையின் மூளைவரை போய்ச் சேரலாம். சில குழந்தைகளுக்கு ரத்தத்தோடு வந்த ஏதோ ஒன்றால் அதைத் தாங்கும் சக்தி குறைவாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். இதுதான் காரணம் என்று எதையும் தன்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இந்தப் பிள்ளைக்கு அந்தக் காய்ச்சலைத்தான் தான் அதிகம் சந்தேகப்படுவதாகச் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார். இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் பயந்து ஒதுங்க வேண்டாம். சொந்தம் என்பதால் சில ரத்தப் பரிசோதனைகள் செய்துகொண்டு, ஆரம்பத்திலிருந்தே இங்கே வந்து பார்த்தால் போதும்.

வராந்தாவில் மாமா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "மருமோனே, உள்ள கேட்டது உள்ளயே இருக்கட்டும். எங்க அக்கா இருக்கது வரைக்கும் யாருட்டயும் சொல்லப்பிடாது. ஒங்க அக்காட்டயும்." அவருடைய அக்கா என் அம்மா. மாமாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். "கேட்டா அவ தாங்கமாட்டாடே. கெணத்துல விழுந்திருவா."

"அந்த டாக்டரு ரெண்டாவது புள்ளைக்கு..." என்று நான் இழுத்தேன்.

"அத மட்டும் எப்படிச் சொல்ல? அப்ப மொதப் புள்ளைக்கு என்னன்னு கேப்பா. ஒண்ணொண்ணா அங்கதான் போய் நிக்கும்." பிறகு, தனக்குள் பேசுவதுபோல், "அவங்களும் அடுத்ததுக்கு வராதுன்னு அடிச்சுச் சொல்லலையே" என்றார்.

மருந்தோடு வந்த அக்கா முகத்தைப் பார்த்தாள். "என்ன சொன்னாவ?" மாமா பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "ரத்தம்தானாம். வா, போவோம்."

அதன்பிறகு அக்கா இன்னொரு பிள்ளையைப் பற்றிப் பேசவே இல்லை. வளைகாப்பு வீடுகளுக்கு அழைத்தால் போய்ச் சாப்பிடாமல் திரும்பிவிடுவாள். மாமா செய்தது சரியா என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். கூடப்பிறந்தவளைக் காப்பாற்றினார், கட்டினவளுக்கு வரவேண்டியதை அதற்கு விலையாகக் கொடுத்தார். இரண்டும் ஒரே பேச்சில் நடந்தன. அவர் கெட்டவர் என்று நினைக்க எனக்கு வரவில்லை. அந்த உள்ளங்கையை நான் பார்த்திருக்கிறேன்.

மாமா நெஞ்சுவலியில் போனார். அதற்குப் பிறகும் அம்மா சில வருடம் இருந்தாள். போன ஆவணியில் அவளும் போய்ச் சேர்ந்தாள். சொல்லக்கூடாது என்ற கட்டு அன்றோடு அவிழ்ந்தது. ஆனாலும் எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் நானும் கல்யாணம் கட்டி, இப்போது என் மகள் உண்டாகியிருக்கிறாள். நாகர்கோவிலில் கொடுத்த பெண். அவளுடைய மாமியார் போனில் சுற்றிவளைத்துக் கேட்டார்கள். "ஒங்க வீட்டுப் பையனுக்கு இருக்கது வம்சத்துல வாறதா?" மகள் அழுதுகொண்டு இங்கே வந்துவிட்டாள். போன வாரம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தன் பையனைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அக்காவும் வந்தாள். குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் வாய் திறந்தேன். காய்ச்சல், கசிந்த நீர், காத்திருந்த நாட்கள், அந்த டாக்டரம்மா சொன்னது, எல்லாம் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியதில்லை. அக்காவின் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அப்படியென்றால் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். காய்ச்சலோ கசிவோ எது வந்தாலும் உடனே கிளம்பி வந்துவிட வேண்டும், அது போதும்.  அக்கா மகளின் கையைப் பிடித்துச் சொன்னாள். "கேட்டியா மக்ளே, அஷ்டமி நவமி ஒண்ணும் பாக்கப்பிடாது."

ஆட்டோவில் வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டிலிருந்து பையனைத் தூக்கி வந்தோம். அவனை நாற்காலியில் உட்காரவைக்கும்போதுதான் கேட்டாள், அவன் தோளை நிமிர்த்திக்கொண்டே. "இன்னொண்ணு பெத்துக்கிடலாம்னு அன்னைக்கே சொன்னாவளாடே?"

"ஆமாக்கா."

"எங்க அம்மைய நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரியாமப் போச்சே." அவன் வாயைத் துடைத்துவிட்டு, "பொம்பளப் புள்ளைக்குன்னு ஒரு பேரு நெனச்சு வச்சிருந்தேன்" என்றாள். என்ன பேர் என்று அவள் சொல்லவில்லை. 

கொஞ்ச நாளாகப் பையனுக்குச் சோறு இறங்குவதில்லை. உடம்பு வற்றிக்கொண்டே வருகிறது. மாமா கடைசியாகப் போட்ட துளைகளில் வார் தொளதொளவென்று நிற்கிறது. ரப்பர் வெடித்திருக்கிறது, உள்பக்கத்துப் பழைய துளைகள் பாதி தூர்ந்துவிட்டன. அக்கா அவற்றில் ஒன்றை விரலால் தடவிக் கண்டுபிடித்து, கொக்கியை அதில் அழுத்தி மாட்டினாள். அவன் சிரிப்பான் என்று நினைத்து நான் அவன் நெஞ்சில் கையை வைத்தேன். அவன் தேங்காய் உடையும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.