ஓடும் தண்ணீர்

சித்தூரில் எங்கள் கீழ்வீட்டுக்காரர் ஒல்லியானவர், எப்போதும் ஈரக்கையோடு இருப்பார். அவருடைய பூனைக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. ஓடும் தண்ணீரைத்தான் குடிக்கும். அதற்கென்றே மோட்டார் வைத்த சின்ன நீரூற்று வாங்கியிருந்தார். போர்வெல் தண்ணீரின் உப்பு மோட்டாரை அடைத்துவிடும். அதைக் கழற்றி, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேய்ப்பார்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. நான் கீழே போனபோது அவர், காபி ஆற்றுவதுபோல, இரண்டு டம்ளரில் பூனையின் முன்னால் தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒருநாளாவது ஆத்திக் குடுத்தாரா, கேளும்மா!" என்றார் அவர் மனைவி.

"சும்மா இரு. இன்னிக்கும் குடிக்கலேன்னா அவ்ளோதான்னு டாக்டர் சொல்லிட்டாரு."

கரண்ட் வந்தது. நீரூற்று ஓடியது. பூனை முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டது.

"பார்த்துக்கினே இரும்மா, இப்போ குடிக்கும்" என்று என்னிடம் சொல்லி, ஆற்றிக்கொண்டே இருந்தார்.

சற்று நேரத்தில் பூனையின் வயிறு அசையாததை நான் பார்த்துவிட்டேன். அவர் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.