காலை உணவுக்கு முன்

என் அண்ணனைப் போல ஒரு வாயில்லாப் பூச்சியை எங்கேயும் பார்க்க முடியாது. பதினெட்டு வருடமாக நூல் மில் ஒன்றில் இரவுக் காவல். லாரிக்காரன் கத்தினாலும் "சரிங்க", அண்ணி கத்தினாலும் "சரிம்மா". காலை ஏழு மணிக்கு வீடு வருவார், குளிப்பார், படுத்துவிடுவார். எழுந்து சாப்பிட மதியம் இரண்டாகும். தெருவுக்கே தெரிந்த விஷயம் இது.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் தெரியாது. சர்க்கரை என்று கண்டுபிடித்த அன்று டாக்டர் மருந்துச் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்: "காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு. புரிஞ்சுதா?" அண்ணன் தலையாட்டினார். அவர் யாருக்குத்தான் தலையாட்டவில்லை? மறுநாளிலிருந்து குளித்ததும் மாத்திரை, உடனே படுக்கை. காலையில்தான் போட்டார், சாப்பாட்டுக்கு முன்னாடிதான் போட்டார். எழுத்துக்கு எழுத்து சொன்னபடி.

இரண்டு மாதத்தில் கை நடுக்கம், வேர்வை. டாக்டரிடம் போய்ச் சொன்னார்.

"மாத்திரைய ஒழுங்கா போடுறீங்களா?"

"போடுறேங்க."

"அப்படியே போடுங்க."

முடிந்தது விசாரணை. எப்போது சாப்பிடுகிறாய் என்று கேட்டால் வாய் கோணிக்கொள்ளுமா?

போன வாரம் காலை பதினோரு மணிக்கு அண்ணி போய்ப் பார்த்தால், ஆள் வேர்வையில் தொப்பலாக நனைந்து கிடக்கிறார். உலுக்கினாலும் எழவில்லை. நானும் அண்ணியும் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது, இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார்கள்.

அண்ணன் கண் திறந்த பிறகு, டிரிப்பைச் சரிசெய்துகொண்டே நர்ஸம்மா கேட்டார்: "மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு சாப்பிடுவாரு?"

"ஏழு மணி நேரம்" என்றார் அண்ணி.

நர்ஸம்மாவின் கை அப்படியே நின்றது. சர்க்கரை என்று கண்டுபிடித்து ஆன எட்டு மாதத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "தட்டுல சாப்பாடு வந்தப்புறம்தான் மாத்திரைய கையிலயே எடுக்கணும். சாப்பாடு இல்லன்னா மாத்திரையும் இல்ல. எங்க, நாளைக்கு வீட்ல என்ன செய்வீங்கன்னு நீங்க சொல்லுங்க" என்றார். அண்ணன் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கும்வரை விடவில்லை. மொத்தம் மூன்று நிமிடம்.

பிறகு டாக்டர் வந்தார். நர்ஸம்மா விஷயத்தைச் சொன்னார்.

"நைட் டூட்டின்னு முதல்லயே சொல்ல வேண்டாமா?" என்று அண்ணனிடம் சிடுசிடுத்தார் டாக்டர்.

எனக்கு வந்ததே கோபம். நான் வாயைத் திறப்பதற்குள், டிரிப் குத்திய கையையும் சேர்த்துத் தூக்கி அண்ணன் கும்பிட்டார்.

"தப்பு என்னுதுதாங்க. மன்னிச்சுக்கோங்க."

"பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.