கோணேஸ்வரனுக்கு வராத கோபம்

திருகோணமலையில் பைகளிலும் ரீசேட்டுச் சட்டைகளிலும் எழுத்து அச்சடிக்கும் இராசநாயகத்துக்கு, யாருக்கும் தீங்கு நினையாத மனிதர் என்று ஊரில் நல்ல பெயர். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும்.

யுத்தம் மறுபடி மூண்ட வருடம், யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன புத்தகம் ஒன்று அவர் கையில் சிக்கியது. அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழிவந்த சிக்கானோ மக்கள் வியட்நாம் போரை எதிர்த்து அச்சடித்த சுவரொட்டிகள். தலைவர்களை விட்டுவிட்டுத் தங்கள் தெருச்சனத்தின் முகங்களையே வரைந்திருந்தார்கள். இராசநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. தானும் ‘போதும் யுத்தம்’ என்று ஒன்று அடித்தார். முகத்துக்கு, உப்புவெளிக் கடற்கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த மீனவர் கோணேஸ்வரனை மூன்று பின்னேரம் பார்த்து வரைந்தார். கேட்டாரா? இல்லை. கோணேஸ்வரன் எறும்புக்கும் வழிவிடுகிற ஆள். அந்த முகத்தில் புருவத்தை நெரித்து, பல்லைக் கடிக்கவைத்து, கோபத்தை ஏற்றிவிட்டார்.

சுவர்களில் ஒட்டிய ஐந்தாம் நாள், வெள்ளை வான் வண்டியில் வந்தவர்கள் அந்தத் தாளோடு முகத்தை ஒப்பிட்டுப் பார்த்துக் கோணேஸ்வரனைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. வரைந்தவரை ஒருவரும் தேடவில்லை. வரைந்தவரும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் கோணேஸ்வரனின் மனைவி இரத்தினேஸ்வரி கடைக்கு வந்தார். சுவரிலிருந்து உரித்த அந்தத் தாள் கையில் இருந்தது.

“அண்ணை, காணாமப் போனாக்களுக்காகப் போராட்டத்தில ரோட்டில நிக்கேக்க எல்லாரும் படம் வச்சிருக்கினம். எங்கட படமெல்லாம் சுனாமியோட போயிட்டுது. இதைப் பெரிசாக்கித் தருவீங்களா?”

இராசநாயகம் தாளை வாங்கி மேசையில் விரித்தார். “தங்கச்சி, இதைக் கீறினது நான்தான். அவரைக் கேக்காமக் கீறினனான். என்னாலதான் கொண்டுபோனவங்கள்.”

ஏசுவார், காறித் துப்புவார் என்று காத்திருந்தார். இரத்தினேஸ்வரி தாளின் கசங்கலை விரலால் நீவிவிட்டார்.

“அப்ப அவரை நேர பாத்தனீங்கள்தானே,” என்றார். “அவர் ஒருநாளும் இப்பிடி முறைச்சதில்லை. சிரிக்கிற மாதிரி மாத்தித் தாங்கோ. மற்றக் கதை பிறகு கதைப்பம்.”

இராசநாயகம் பென்சிலை எடுத்து, வேறொரு தாளில் அந்த முகத்தைக் கீறினார். புருவத்தை நேராக்கினார், வாயைத் தளர்த்தினார், அழித்தார், மறுபடி கீறினார். மூன்று பின்னேரம் அந்த மனிதருக்கு எதிரில் இருந்து பார்த்தவர்தான். சிரித்தால் எந்தக் கன்னம் குழியும் என்றுகூட ஞாபகம் வரவில்லை. இத்தனை வருடமும் அவர் நெஞ்சை அறுத்தது அவரே வரைந்த முகம்தான்.

“ஏலாது தங்கச்சி. இது என்ர கோபம். அவற்ற முகம் எனக்கு வருதில்லை.”

இரத்தினேஸ்வரி பழைய தாளை மடித்தார்.

“எனக்கும் இப்ப வருதில்லை அண்ணை. அதுதான் உங்களைக் கேட்டனான்.”