ராணியின் கண்ணும் எனக்கு வந்த மெமோவும்

காஞ்சிபுரம் கால்நடை ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அறுபதுகளின் கடைசி. ஒரு நாள் காலையில் ஜட்கா ஓட்டும் காதர் பாய், வண்டியில் பூட்டாமல் தன் குதிரை ராணியை நடத்திக்கொண்டு வந்தார்.

"பிள்ளையார்பாளையத்துல தறிக்குப் பட்டு நூல தெருவடைச்சு பாவு விரிச்சிருந்தாங்கபா. பட்டு மிதிபடக் கூடாதுன்னு ஓரமா ஒதுக்கினேன். பாவு கட்ட ஊனி வச்சிருந்த கழி கண்ணுல குத்திடுச்சு. ராத்திரிலேர்ந்து தலைய ஆட்டிக்கினே இருக்குது."

இடது கண் இறுக மூடியிருந்தது. போரிக் லோஷனால் கழுவி, இமையைப் பிரித்து, ஃப்ளோரசின் சொட்டு விட்டேன். கருவிழியில் புண் இருந்தால் அந்த இடம் மட்டும் பச்சையாகத் தெரியும். துவரம்பருப்பு அளவுக்குத் தெரிந்தது.

டாக்டர் வாசலில் நின்றபடியே பார்த்தார். "நல்லா செவந்திருக்கு. கார்ட்டிசோன் ஆயின்மென்ட் போட்டு அனுப்பு."

கார்ட்டிசோன் அப்போது எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புது மருந்து. சிவப்பு, வீக்கம் எல்லாம் மறுநாளே வடியும். ஆனால் புண்ணில் போட்டால் கருவிழி கரைந்து ஓட்டை விழும். மெட்ராஸ் ட்ரெய்னிங்கில் அப்படிப் போன ஒரு கண்ணை நான் நேரிலேயே பார்த்திருந்தேன்.

"புண்ணு இருக்கு சார். பச்சை பிடிச்சிருக்கு. கிட்ட வந்து பாருங்க."

"யாருய்யா இங்க டாக்டரு?"

"நீங்கதான் சார். ஆனா இதை நான் போட மாட்டேன்."

அவர் ட்யூபை எடுத்து காதர் பாயிடம் நீட்டினார். "நீயே போட்டுக்க."

காதர் பாய் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ட்யூபை வாங்கி மேஜைமேல் வைத்தார். "கம்பவுண்டரே பாக்கட்டும் சார்."

"அப்ப ரெண்டு பேரும் இங்க பாக்காதீங்க!"

பெரிய காஞ்சிபுரத்தில் இருந்த காதர் பாயின் லாயத்துக்கு டூட்டிக்கு முன்னும் பின்னும் போனேன். வெயில் படாமல் கோணிப்படுதா கட்டினோம். கண் வலி குறைய அட்ரோபின் சொட்டு, சீழ் பிடிக்காமல் இருக்க பென்சிலின் ஆயின்மென்ட். பகலில் காதர் பாயின் மனைவி நூர்ஜஹான் போட்டார். முதல் நாள் ராணி அவரைச் சுவரோடு தள்ளி நசுக்கப் பார்த்தது. "என்னையே தள்றியாடி?" என்று அதட்டிவிட்டு மறுபடி இமையைப் பிரித்தார்.

பன்னிரண்டாம் நாள் மறுபடி ஃப்ளோரசின் சொட்டு விட்டேன். பச்சை பிடிக்கவில்லை. சின்ன வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது. விரலைக் கண்ணருகே கொண்டு போனதும் ராணி சிமிட்டியது.

அன்றே ஆஸ்பத்திரி வாசலுக்குக் கூட்டிப் போய் நிறுத்தினோம். டாக்டர் இந்தமுறை கிட்ட வந்து, இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

மறுநாள் மெமோ வந்தது. உத்தரவை மீறியதற்கு விளக்கம் கேட்டிருந்தார். "போட்டிருந்தால் கண் போயிருக்கும்" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சேர்க்கச் சொல்லி ஹெட் கிளார்க் கெஞ்சினார். சேர்க்கவில்லை. அடுத்த மாதமே என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மருந்துச் சீட்டு எழுதுகிறவர் உங்களைவிடப் பெரியவராக இருக்கலாம். கண்ணில் மருந்தை வைப்பது உங்கள் விரல். தப்பென்று தெரிந்தால் அந்த விரலை நீட்டாதீர்கள்.