கான்டசா மேல் குற்றமில்லை

கோபிநத்தத்தில் பிறந்து, பத்து வயதில் மைசூருக்கு வந்து, மண்டி மொஹல்லாவில் கார் ஒர்க்‌ஷாப் வைத்து எங்களை ஆளாக்கிய எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றிப் பேசும் உறவினர்கள் அந்த ஆயுதபூஜை நாளைச் சொல்லாமல் விடுவதில்லை. "கான்டசா கவுத்துடுச்சு, அம்பாசிடர்தான் காப்பாத்துச்சு" என்றே முடிப்பார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதியை எழுதவே அவரது நினைவு மலரில் இக்கட்டுரை.

அன்று ஷெட்டில் வாடிக்கையாளர்களின் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று, அப்பாவின் வயதுள்ள அம்பாசிடர். ஹேண்டில் போட்டுச் சுற்றியும் கிளப்பலாம். மற்றது இருபது வருடம் பிந்திய கான்டசா. சாவி மட்டும்தான், ஆனால் சோபா போன்ற சீட்.

காலையில் கரண்ட் இல்லை. பூஜைக்கு சீரியல் லைட் எரிய, பழைய இன்வெர்ட்டர் வைத்து இரண்டு கார் பேட்டரிகளிலிருந்தும் நானே வயர் இழுத்தேன். அப்பாவைக் கேட்கவில்லை. குடும்பத்தில் முதலில் படித்தவன், டிப்ளமோ மாணவன் என்ற தைரியம். கழற்ற மறந்துவிட்டேன்.

மாலை நான்கு மணிக்கு, எட்டு மாதக் கர்ப்பிணியான அக்காவுக்கு உதிரப்போக்கு. தசரா கூட்டத்தில் ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள்.

"கான்டசாவ எடுங்க மாமா, படுக்க வெச்சுக் கொண்டுபோலாம்" என்றார் அக்காவின் கணவர்.

அப்பா சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினார். அதுவும் இல்லை. அவர் பார்வை பானெட்டிலிருந்து போன வயரைப் பிடித்துக்கொண்டே வந்து என் முகத்தில் நின்றது.

"தள்ளிப் பாக்கலாமா மாமா?"

"இந்தச் சந்துல எங்க மாப்ள தள்றது? செவுத்து மேலயா?"

அம்பாசிடர் பேட்டரியில் இன்ஜினைச் சுற்றத் தெம்பில்லை. பிளக்கில் பொறி பறக்கும் அளவுக்கு மட்டும் மிச்சமிருந்தது. அப்பா குனிந்து ஹேண்டிலைச் சுழற்றினார். மூன்றாம் சுற்றில் அது திருப்பி உதைத்து, அவரது இடது மணிக்கட்டை ஒடித்தது.

"கை கெடக்குது. பேக பேக, சீக்கிரம் புள்ளைய ஏத்து!"

வலது கையால் சுழற்றினார். இன்ஜின் பிடித்தது.

எங்களில் ஓட்டத் தெரிந்தவர் அப்பா மட்டுமே. ஒற்றைக் கையால் அவர் ஸ்டியரிங் பிடிக்க, அதன் இடப்பக்கமிருந்த கியரை நான் மாற்றினேன். "ரெண்டு போடு... இப்ப மூணு. அணைஞ்சா போச்சுடா." பின்சீட்டில் அக்காவின் முனகல் நின்றது. "பேசு கண்ணு, அப்பனத் திட்டவாவது திட்டு."

"திட்டத் தெம்பில்லப்பா."

அந்தக் குரல் கேட்ட பிறகுதான் மூச்சு விட்டோம். தாயும் சேயும் பிழைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்டபோது அப்பா, "கான்டசா மக்கர் பண்ணிடுச்சு" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்று மட்டும்தான். பேச்சு பரவியது. அப்பாவின் வேலை சரியில்லை என்று எண்ணி, கான்டசாவின் உரிமையாளர் வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டார்.

"உண்மையச் சொல்லிடட்டுமாப்பா?"

"உங்கக்கா காதுக்குப் போவும். வேண்டாம்."

போன வாரம் அக்காவிடம் நானே சொன்னேன். ஒரு நாள் முழுக்க என்னுடன் பேசவில்லை. மறுநாள், "மலர்ல எழுதிடு" என்றாள்.

கேட்காமல் எடுத்த அம்பாசிடருக்காக ஒரு சொல்லும் சொல்லாத அதன் உரிமையாளருக்கும், அன்று அக்காவுக்கு இரத்தம் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், அப்பாவின் கடைசி நாட்களில் உடனிருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கான்டசாவின் உரிமையாளருக்கு இம்மலரை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன். ஐயா, உங்கள் வண்டியிலும் குறையில்லை, எங்கள் அப்பாவின் வேலையிலும் குறையில்லை.